பஹாமாஸுக்குத் தூண்டிலோடு கிளம்பும் ரொறன்ரோ நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உங்கள் நவம்பர் பயணத் திட்டம் சுற்றிச் சுற்றி என் கைக்கும் வந்து சேர்ந்தது. எட்டுப் பேர், ஒரு வாரம், தீவில் முழு வீடு ஒன்று, வாடகைக்கு ஒரு மோட்டார்ப் படகு, இரண்டு கயாக். வழிகாட்டி கிடையாது. "கைட் காசு மிச்சம்" என்று எழுதிப் பக்கத்தில் சிரிப்புக் குறியும் போட்டிருக்கிறீர்கள். யார் போன்ஃபிஷ் என்ற மீனை அதிகம் பிடிக்கிறாரோ அவருக்கு மற்ற ஏழு பேரும் விருந்து வைப்பார்களாம். தேதியைப் பார்த்தேன். பூரணையை நடுவில் வைத்து, முன்னுக்கு மூன்று நாள், பின்னுக்கு மூன்று நாள்.

இதை உங்கள் வட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் மார்க்கம், ஏஜாக்ஸ் நகரங்களில் வேறு குழுக்களும் கிட்டத்தட்ட இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆறுகள் உறையத் தொடங்கியதும் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பஹாமாஸ் தலைநகர் நசோவுக்கு விமானமும் நாலு மணித்தியாலத்துக்குள்தான். ஆகவே எல்லோரும் படிக்கட்டும் என்று வெளியில் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தீவுகளின் ஆழமில்லாக் கடலில் தூண்டில் போடுவதென்றால், அந்தத் தீவைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவர் சொல்லும் நாளில், அவர் காட்டும் இடத்தில் போடுங்கள்.

தூண்டில் பழக்கம் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கம். பஹாமாஸ் ஏறத்தாழ 700 தீவுகள் கொண்ட நாடு. மக்கள் குடியிருப்பது முப்பது சொச்சத்தில்தான். தீவுகளைச் சுற்றி மைல் கணக்கில் வெள்ளை மணலும் கடற்புல்லும் கண்டல் காடுமாகக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட தண்ணீர். யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் கால் நனைத்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. வற்றில் மேடு தெரியும், பெருக்கில் மூடும். பெருக்கு ஏறும்போது போன்ஃபிஷ் கூட்டம் ஆழத்திலிருந்து மேட்டுக்கு வந்து, மூக்கை மணலில் குத்தி, நண்டும் இறாலும் புழுவும் தோண்டித் தின்னும். தலை கீழே போனால் வால் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், அவ்வளவுதான் ஆழம். உடம்பு முழுவதும் வெள்ளிச் செதில். அடியில் மணல் இருந்தால் மணலின் நிறத்தைக் காட்டும், புல் இருந்தால் புல்லின் நிறத்தை. அதனால் பழகியவர்கள் மீனைத் தேடுவதில்லை, மணலில் ஓடும் நிழலைத் தேடுகிறார்கள்.

ஃபிளை ஃபிஷிங்கில் இரை பொய் இரை. கொக்கியில் மயிரும் மினுக்கு நூலும் சுற்றி இறால் மாதிரிச் செய்து வைத்திருப்போம். அதற்குப் பாரம் இல்லை. கனமான நூலை வீசும் வீச்சில்தான் அது போய் விழ வேண்டும். மீனைக் கண்ணால் கண்ட பிறகே வீசுவோம். நாற்பது, ஐம்பது அடி தூரம், பெரும்பாலும் எதிர்க்காற்று, கையில் இருப்பது சில விநாடி. நூலின் நிழல் கூட்டத்தின் மேல் விழுந்தாலே எல்லாம் சிதறிவிடும். கொக்கி மாட்டினால் ஒரே ஓட்டம். சுருளில் இருக்கும் நூறு யார் நீள நூலை உருவிக்கொண்டு ஆழத்தைப் பார்த்துப் போகும். இந்த ஓட்டத்துக்காகத்தான் உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள்.

இனி வழிகாட்டிக்கு வருவோம். நீங்கள் அவரை ஒரு படகோட்டி என்று நினைத்துத்தான் பட்டியலிலிருந்து வெட்டியிருக்கிறீர்கள். அவர் படகின் பின்பக்கம் உயரமான மேடையில் நின்று, நீண்ட கம்பை ஊன்றிச் சத்தமில்லாமல் படகைத் தள்ளுவார். வெயிலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பார், காற்றை வீசும் கைக்கு வசதியான பக்கம் வைப்பார், பெருக்கு எந்த வாய்க்கால் வழியாக முதலில் ஏறும் என்பதை அறிந்து அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். அதுவும் ஒரு நாளில் பத்துத் தடவை. "பதினொரு மணிப் பக்கம், நாற்பது அடி, இடமிருந்து வலம்" என்பார். நமக்கு அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. கனரஸ்கா ஆற்றில் சாமனும் ஸ்டீல்ஹெட்டும் பிடித்துப் பழகிய நம் கை, மீன் கடித்ததும் தடியை மேலே தூக்கும். போன்ஃபிஷுக்கு அது உதவாது. தடியை அசைக்காமல் இடக்கையால் நூலை நேராக இழுக்க வேண்டும். இதை யூரியூப்பில் பார்த்து வைத்திருக்கிறோம் என்பீர்கள், சரி. முதல் மீன் வரும்போது கை பழையபடி மேலே போகும். பின்னால் நின்று ஒருவர் அதட்டினால்தான் அது அடங்கும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ட்ரோஸ் தீவின் மேற்குப் பக்கத்து ஆழமற்ற கடலில் ஒரு காலத்தில் கடற்பஞ்சுத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. 1938இலும் 1939இலும் ஒரு நோய் வந்து பஞ்சுகளை அடியோடு அழித்தது. தொழில் போனது, கடலைப் பற்றிய அறிவு குடும்பங்களில் தங்கியது. வற்றுப் பெருக்கும் வாய்க்காலும் தெரிந்த அந்த ஊர்களிலிருந்துதான் பிற்காலத்தில் போன்ஃபிஷ் வழிகாட்டிகள் பலர் வந்தார்கள். உங்கள் கொள்வனவுப் பட்டியலில் "கிரேசி சார்லி" இரண்டு டசின் என்று இருக்கிறதே, அந்தச் சார்லி அண்ட்ரோஸைச் சேர்ந்த சார்லி ஸ்மித். 1970களின் பிற்பகுதியில் பாப் நவ்ஹைம் என்ற அமெரிக்கர் அவரோடு மீன்பிடித்தபோது கட்டிய பொய் இரை அது. இன்று பசிபிக் தீவுகள் வரை எல்லார் பெட்டியிலும் இருக்கிறது. பிமினித் தீவில் ஆன்சில் சாண்டர்ஸ் என்று ஒருவர். மரப்படகு கட்டுபவர், போன்ஃபிஷ் வழிகாட்டி. 1964இல் மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசு ஏற்புரையை எழுத அமைதியான இடம் தேடியபோது, அவரைத் தன் படகில் ஏற்றிக் கண்டல் காட்டு ஓடைக்குள் கூட்டிப்போனவர் அவர்தான். ஆக, "கைட் காசு" என்று நீங்கள் ஒரு சொல்லில் கழித்துவிடுவது இந்தப் பரம்பரையைத்தான்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2015இல் பஹாமாஸ் அரசு இந்த ஆழமில்லாக் கடல் மீன்பிடிப்புக்கு விதிகள் கொண்டுவரப் போவதாக ஒரு வரைவை வெளியிட்டது. வெளிநாட்டுத் தூண்டில்காரர்களிடையே பெரிய கூச்சல். தனியாக இறங்கி நடந்து மீன்பிடிக்கும் சுதந்திரம் போய்விடும் என்று அமெரிக்காவில் பலர் கொதித்தார்கள், இனி அங்கே போகவே மாட்டோம் என்றும் சிலர் எழுதினார்கள். பஹாமாஸுக்குள்ளும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. அபகோத் தீவின் வழிகாட்டிகளிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள், ஆட்கள் வராமல் போனால் தங்கள் வயிற்றில்தான் அடி என்று. முதல் வரைவு கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான் என்பது என் எண்ணமும். பிறகு திருத்தங்கள் நடந்து, 2017 ஜனவரியில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. வெளிநாட்டவர் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். அப்போது வைத்த கட்டணம் நாளுக்கு 15 டொலர், வாரத்துக்கு 20, மாதத்துக்கு 30, வருடத்துக்கு 60. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். வெளிநாட்டுப் படகில் ஒருவருக்கு மேல் வந்து தூண்டில் போடுவதென்றால் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். வலை போட்டுப் போன்ஃபிஷ் பிடிப்பதும் அதை விற்பதும் அதற்கு முன்பிருந்தே தடை.

விதிகளும் கட்டணமும் காலத்துக்குக் காலம் மாறும். போகுமுன் இன்றைய நிலவரத்தை அந்த நாட்டு மீன்பிடித் திணைக்களத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆனால் தீவில் வாடகைக்கு எடுத்த படகு "வெளிநாட்டுப் படகு" ஆகுமா ஆகாதா என்று குழுவுக்குள் சட்டத்தரணி வேலை பார்க்க வேண்டாம். அந்த விதி ஏன் வந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஒன்ராறியோவில் ஆற்றங்கரைக்குப் போகும்போது அனுமதி அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் தட்டிப் பார்க்கிறவர்கள் நாம். சின்ன நாடு என்றதும் அந்த ஒழுங்கு எங்கே போகிறது?

தனியாகப் போகிறவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. பஹாமாஸின் லோங் ஐலண்டிலோ எக்ஸூமாவிலோ தெருவோரம் காரை நிறுத்திவிட்டு, ஒரு மனிதர் தன்பாட்டில் கரையிலிருந்து இறங்கி நடந்து, ஒன்றிரண்டு மீனைப் பிடித்து விட்டுவிட்டு, மாலையில் ஊர்க்கடையில் சாப்பிடுகிறார் என்றால் அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதில் ஒரு தனி அழகு உண்டு. எட்டுப் பேர் மோட்டாரோடு ஒரே மேட்டைச் சுற்றுவது வேறு. மோட்டாரின் விசிறி கடற்புல்லை வேரோடு கிழித்துக் கோடு போடும். அந்தக் கோடு மூட வருடங்கள் ஆகும். ஒரு மேட்டில் காலையில் கூட்டத்தைக் கலைத்தால் அன்று முழுக்க அந்த மீன்கள் அங்கே நிம்மதியாக இரை எடுக்காது. அதே மேட்டை நம்பி ஒரு வழிகாட்டி மறுநாள் தன் விருந்தாளியோடு வருவார். தான் எந்த மேட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை தொடுவது என்று அவர் ஒரு முறை வைத்திருப்பார். அந்த முறை உங்களுக்கு எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து பெரிய படகில் வந்து அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நம் வடக்குக் கரையோர மக்கள் எவ்வளவு காலமாகப் பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இழுவை மடியோடு தூண்டிலை ஒப்பிடுவது அநியாயம், ஒப்பிடவில்லை. ஆனால் உள்ளூர்க்காரன் பக்கம் நின்று யோசித்துப் பார்க்க நமக்கு அதிகம் சிரமப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது தேதி. எனக்கு உண்மையில் பதற்றம் தந்தது இதுதான்.

போன்ஃபிஷ் வருடத்தின் பெரும்பகுதியைத் தன் சொந்த மேட்டுப் பகுதியிலேயே கழிக்கும். அடையாளக் குறி கட்டி விட்ட மீன்களில் பெரும்பாலானவை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. ஆனால் ஐப்பசி, கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை, பூரணையையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில், பல மேடுகளிலிருந்து மீன்கள் பல பத்துக் கிலோமீற்றர் நீந்திச் சில குறிப்பிட்ட குடாக்களில் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடும். அந்தக் குடாக்கள் ஆழ்கடலின் விளிம்புக்கு மிக அருகில் இருப்பவை. அங்கே மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாக விளிம்பைத் தாண்டிப் போகும். அபகோவுக்கு அப்பால் அப்படி ஒரு கூட்டத்தைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், முழங்கால் தண்ணீரில் வாழும் இந்த மீன் 130 மீற்றருக்கும் கீழே இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு மேல்நோக்கி வந்து, இருட்டில், ஆழ்கடலில் முட்டையிடும். குஞ்சு கண்ணாடி நாடா மாதிரி ஒளி ஊடுருவும் உடம்போடு ஆறு முதல் பத்து வாரம் நீரோட்டத்தில் மிதந்து, அதிர்ஷ்டம் இருந்தால் ஏதோ ஒரு கரையோரக் குடாவில் சேரும். பெரிய மீனாகி இருபது வருடம் வரை கூட வாழும்.

இந்த ஒன்றுகூடல் எங்கே நடக்கிறது என்று ஆய்வாளர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர்களில் வழிகாட்டிகள் முக்கியமானவர்கள். போன்ஃபிஷ் அண்ட் டார்பன் டிரஸ்ட் அமைப்பு அவர்களோடு சேர்ந்து மீன்களுக்குக் குறி கட்டியது. அந்தத் தரவுகள் உதவியதால் 2015இல் அபகோவிலும் கிராண்ட் பஹாமாவிலும் புதிய தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. நல்ல வழிகாட்டி அந்த நாட்களில் அந்தக் குடாக்களுக்கு உங்களைக் கூட்டிப் போகமாட்டார். மேட்டில் தங்கிவிட்ட மீன்களைத் தேடிப் போவார், அல்லது வேறு மீன் காட்டுவார். ஆனால் வழிகாட்டி இல்லாமல் மோட்டார்ப் படகில் சுற்றும் எட்டுப் பேர், தண்ணீரில் கறுப்பாக ஆயிரம் மீனைக் கண்டால் என்ன செய்வார்கள்? அதிலும் எண்ணிக்கைக்கு விருந்து என்று பந்தயம் கட்டியிருக்கும்போது? வீசிய வீச்சுக்கெல்லாம் மீன் வரும். வாழ்நாளில் மறக்க முடியாத நாள் என்று படம் போடுவீர்கள். அது அந்தப் பக்கத்துத் தீவுகளின் அடுத்த தலைமுறை மீன்.

இது வீண் பயம் இல்லை. பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் தலைநகரத் தீவான தராவாவிலும் இதே குடும்பத்து மீன் உண்டு, அங்கே அது மக்களின் அன்றாட உணவு. குட்டித் தீவுகளை இணைத்துக் கடலுக்குக் குறுக்கே கட்டிய பாதைகள் மீன் போகும் வழியை அடைத்தன, வலைகளும் பெருகின. ரொபர்ட் ஜொஹானஸ், பீயிங் யீட்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் முதிய மீனவர்களை விசாரித்து 2001இல் எழுதியபோது, அவர்கள் நினைவிலிருந்த முட்டையிடும் ஓட்டங்களில் ஒன்றைத் தவிர மற்றவை அழிந்திருந்தன. மீனவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாதை கட்டியவர்கள் அவர்களைக் கேட்கவில்லை. அங்கே காரணம் பாதையும் வலையும், தூண்டில் அல்ல. ஆனாலும் ஒரு மீன் கூட்டமாகச் சேரும் இடத்தில் கைவைத்தால் எவ்வளவு சீக்கிரம் கதை முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"விட்டுவிடத்தானே போகிறோம், பிறகு என்ன சேதம்?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் எலூதெரா தீவிலிருந்து வருகிறது. அங்கே நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. பிடித்து விட்டபோது நிமிர்ந்து நீந்த முடியாமல் சரிந்த போன்ஃபிஷ், நிமிர்ந்து போன மீனைவிட ஆறு மடங்குக்கு மேல் சுறாவுக்கோ சீலாவுக்கோ இரையாகும் வாய்ப்பு உள்ளது என்று கண்டார்கள். ஓடிக் களைத்த மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அதைச் சரிவின் பக்கம் தள்ளுகிறது. ஆக, எட்டுப் பேரும் சுற்றி நின்று, ஆளுக்கொரு போனில், மீனை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் படம் எடுத்தபின் "விட்டோம்" என்று சொல்வது பாதி உண்மை. மீதியைச் சுறா பார்த்துக்கொள்ளும். அது நமக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் அதற்குள் அடுத்த வீச்சுக்குப் போய்விட்டோம்.

செய்யக்கூடியது அதிகமில்லை. கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கையும் கையுறையும் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை எடுத்துவிடும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். வாயைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்புச் சாமானை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அது போன்ஃபிஷின் வாயைக் கிழிக்கும். மீன் தூண்டிலில் இருக்கும்போது சுறா நெருங்கினால் சுருளின் பிடியைத் தளர்த்தி மீனை ஓட விடுங்கள். ஒரே இடத்தில் சுறா இரண்டாம் தரமும் வந்தால் அன்று அந்த இடம் முடிந்தது, வேறு மேட்டுக்குப் போங்கள். இதில் ஒன்றும் புதிதில்லை, எந்த வழிகாட்டியும் முதல் அரை மணி நேரத்தில் சொல்லித் தருவார். எண்ணிக்கைப் பந்தயத்தை மட்டும் நீங்களே கைவிட வேண்டும். பந்தயம் இருக்கும்வரை மேலே சொன்ன எதுவும் நடக்காது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "பிடித்து விடுவதற்கா இவ்வளவு காசு செலவழித்துப் போகிறாய்?" என் வீட்டிலும் கேட்கிறார்கள். குழம்புக்குப் பிடிப்பது இதைவிட நேர்மையான வேலை என்று அம்மா சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. பஹாமாஸ் மக்களும் போன்ஃபிஷைக் காலங்காலமாக மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான். முள் அதிகம், ருசி நல்லதாம். அவர்கள் தங்கள் மீனைத் தின்பது அவர்கள் விஷயம். நாம் விளையாட்டுக்குப் போகிறோம். விளையாட்டுக்குப் போகிறவன் குறைந்தபட்சம் அந்த வீட்டுக்காரனுக்கு வருமானம் வரும்படி விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

வருமானம் என்றதும் கணக்குக்கு வருகிறேன். 2010இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, இந்த ஆழமில்லாக் கடல் மீன்பிடிப்பு பஹாமாஸ் பொருளாதாரத்துக்கு வருடத்துக்கு 141 மில்லியன் டொலர் தருவதாகக் கணித்தது. கப்பல் சுற்றுலாவின் காசு நசோவிலும் ஃபிரீபோர்ட்டிலும் நின்றுவிடும். தூண்டில்காரரின் காசு அக்லின்ஸ், குரூக்கட் ஐலண்ட், தென் அண்ட்ரோஸ் மாதிரி வேறு வேலை அதிகம் இல்லாத ஊர்களுக்குப் போகிறது. வழிகாட்டி, அவர் படகு திருத்தும் மெக்கானிக், மதியச் சாப்பாடு கட்டித் தரும் பெண், விமான நிலையத்துக்கு வான் ஓட்டும் மனிதர். நீங்கள் வீட்டை இணையத்தில் பதிவு செய்து, உணவை ரொறன்ரோவிலிருந்து குளிர்ப்பெட்டியில் கட்டிக்கொண்டு போய், வழிகாட்டியையும் தவிர்த்தால், அந்த ஊரில் உங்கள் காசு எங்கே விழுகிறது? அந்த வீட்டின் சொந்தக்காரர்கூட மயாமியில் இருக்கலாம்.

இந்தக் காசுக்கு இன்னொரு பலமும் உண்டு. போன்ஃபிஷ் ஒரு வருமானமாக இருக்கும்வரை, கண்டல் காட்டை அழித்துப் படகுத்துறை கட்ட வருகிறவனை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இருக்கும். 2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் புயல் அபகோவைத் தாக்கியது. பிறகு கிராண்ட் பஹாமா மீது ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்றது. வழிகாட்டிகள் வீட்டையும் படகையும் இழந்தார்கள், பெரும் பரப்பில் கண்டல் செத்துப்போனது. அதன் பிறகு கண்டல் கன்றுகளைச் சேற்றில் நட்டவர்களில் அந்த வழிகாட்டிகளும் இருந்தார்கள். மீன் குஞ்சுகளுக்கும் இரைக்கும் அந்த வேர்கள்தான் ஒதுங்கிடம் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

வழிகாட்டிக்குக் காசு அதிகம்தான், மறைக்கவில்லை. படகோடு ஒரு முழு நாளுக்கு 500, 600 அமெரிக்க டொலருக்குக் குறைய யாரையும் எதிர்பார்க்காதீர்கள், அன்பளிப்பு தனி. ஆனால் ஒரு படகில் இரண்டு பேர், ஆகவே பாதிப் பாதி. ஏழு நாளும் வேண்டியதில்லை. மூன்று நாள் வழிகாட்டியோடு போங்கள். மற்ற நாட்களில் அவரிடமே கேட்டு, அவர் சரி என்று காட்டும் கரையில் இரண்டிரண்டு பேராக இறங்கி நடங்கள். மோட்டார்ப் படகு வாடகையை வெட்டுங்கள், எரிபொருளை வெட்டுங்கள், விருந்தை வெட்டுங்கள். ஆளுக்கு இரண்டு தடி, இரண்டு சுருள் வாங்குவதாகப் போட்டிருக்கிறீர்களே, எட்டாம் எண் தடி ஒன்று போதும், அங்கே முறிந்தால் வழிகாட்டியிடம் இருக்கும். இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. தம்பிமார் சிலருக்கு அதுவும் பாரம் என்றால் பயணத்தை ஐந்து நாளாக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வழிகாட்டியும் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை காட்டி ஆள் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். விருந்தாளி கேட்கிறார் என்று கூட்டம் கூடும் குடாவுக்கே கொண்டுபோய் விடுகிறவர் ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். முன்பதிவு செய்யும்போது "பூரணை நாட்களில் எங்கே கூட்டிப் போவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

ஆக, நான் கேட்பவை: தேதியைப் பூரணையும் அமாவாசையும் இல்லாத வாரத்துக்குத் தள்ளுங்கள். அப்போது வற்றுப் பெருக்கின் வேகமும் குறைவு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே வசதி. பெயர் தெரிந்த உள்ளூர் வழிகாட்டிகள் நால்வரைப் பிடித்து முன்பணம் கட்டுங்கள். நல்லவர்களின் நாட்கள் மாதக் கணக்கில் முன்னரே நிரம்பிவிடும், ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். வீட்டுப் பதிவைக் கட்டணமில்லாமல் மாற்றும் கடைசித் தேதி இந்த மாத இறுதி என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. பந்தயத்தை எடுத்துவிடுங்கள். அனுமதிப் பத்திரத்தை எட்டுப் பேரும் எடுத்த பின் அதன் படத்தைக் குழுவில் போடுங்கள்.

இதற்கெல்லாம் சம்மதம் என்றால் ஒன்பதாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகுக் கணக்கு ஒற்றைப்படும் என்பதால் தனிப் படகின் முழுச் செலவும் என்னுடையது. சம்மதம் இல்லை என்றால் ஏன் இல்லை என்று இதே போல வெளியில் எழுதுங்கள். மார்க்கத்துக் குழுவும் ஏஜாக்ஸ் குழுவும் படிக்கட்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருவன்